வைரஸ் அடங்கிய பிறகும் நெஞ்சுச் சளி ஓயவில்லை என்றால்

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: அண்ணனுக்கு 41 வயது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. எச்ஐவி இருப்பது தெரிந்து எட்டு வருடமாகக் கூட்டு மருந்து எடுக்கிறார். கடைசிப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை, எதிர்ப்புசக்தியைக் காட்டும் சிடி4 அணு எண்ணிக்கை 540. ஆனால் ஒன்றரை வருடத்தில் மூன்று முறை நிமோனியா, நடுநடுவே சைனஸ், இரண்டு முறை விடாத வயிற்றுப்போக்கு. ஒரு டாக்டர் ‘எச்ஐவி இருந்தால் இப்படித்தான்’ என்கிறார். இன்னொருவர் ‘இது வேறு அரிய எதிர்ப்புசக்திக் குறைபாடு, மாதாமாதம் விலை உயர்ந்த மருந்து ஏற்ற வேண்டும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எங்கே போவது? எஸ்டேட் வேலையை விடச் சொல்லலாமா?

முதலாமவர் சொன்னதை ஏற்காதீர்கள். இரண்டாமவர் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் அதை உறுதி செய்யாமல் ஒரு பாட்டில்கூட ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எச்ஐவி உள்ள எவருக்கும் நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்தான். மருந்து ஒழுங்காக எடுத்தாலும் அந்த வித்தியாசம் முழுதாக மறைவதில்லை. ஆனால் சிடி4 540, ரத்தத்தில் வைரஸ் இல்லை என்ற நிலையில் பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை பாக்டீரியா நிமோனியா வந்தால் அதற்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும். அப்படி மீண்டும் வரும் நிமோனியாவை 1993-லிருந்தே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எய்ட்ஸைக் குறிக்கும் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெரிய விஷயம் அது. வைரஸ் அடங்கிய ஆளுக்கு அது வருகிறது என்றால், ஒன்று வைரஸ் உண்மையில் அடங்கவில்லை, அல்லது நுரையீரலிலேயே பழுது இருக்கிறது, அல்லது எதிர்ப்புசக்தியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது.

இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். பலர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அரிய நோய் என்றதும் டாக்டருக்கும் ஒரு ஆர்வம் வந்துவிடுகிறது.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கப்படும். கடைசி ரிப்போர்ட் எந்தத் தேதியில் எடுத்தது? நிமோனியா வந்தது அதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் இப்போது மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எடுப்பது டொலுடெகிராவிர் என்ற எச்ஐவி மருந்து உள்ள மாத்திரையாகத்தான் இருக்கும். அதோடு சேர்த்து வெறும் வயிற்றில் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ, எந்த நேரமானாலும் ஜெலுசில் மாதிரி அமிலம் தணிக்கும் மருந்தோ விழுங்கினால் டொலுடெகிராவிர் உடலில் சரியாக ஏறாது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ டொலுடெகிராவிரைப் போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பதை யாரும் ‘மருந்து சாப்பிடுகிறேன்’ என்று கணக்கில் சொல்வதில்லை. நீங்கள்தான் துருவிக் கேட்க வேண்டும்.

அடுத்து ஸ்டீராய்டு. நம் ஊரில் இதை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மூச்சு இரைக்கிறது, உடம்பு வலிக்கிறது என்று போனால் மருந்துக்கடையில் சிறிய வெள்ளை மாத்திரை இரண்டைக் கிழித்துத் தருகிறார்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் வகை. அன்றைக்கே ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாதக்கணக்கில் போட்டால் எதிர்ப்புசக்தியை அதுவே தின்றுவிடும். மலையில் சிலர் வாங்கிச் சாப்பிடும் பெயரில்லாப் பொடிகளிலும் அதைக் கலந்திருக்கலாம். இரண்டாம் கட்ட எச்ஐவி மருந்தில் ரிட்டோனாவிர் இருக்கலாம். அதை எடுப்பவர் ஃபுளூடிகசோன், புடெசோனைட் உள்ள இன்ஹேலரையோ மூக்கு ஸ்பிரேயையோ பயன்படுத்தினால், ரிட்டோனாவிர் அந்த ஸ்டீராய்டைக் கரைய விடாது. உறிஞ்சிய கொஞ்சமும் உடம்பிலேயே தேங்கி, முகம் உப்பி, சர்க்கரை ஏறி, அட்ரினல் சுரப்பி வேலைநிறுத்தம் செய்துவிடும். சளித் தொல்லைக்குக் கொடுத்த இன்ஹேலரே அடுத்த தொற்றுக்கு வழி திறந்துவிடும். இன்ஹேலர் தேவையென்றால் பெக்லோமெத்தசோன் பரவாயில்லை. உங்கள் அண்ணன் முதல் கட்ட மருந்திலேயே இருந்தால் இந்தக் கவலை இல்லை. அவருடைய சிகிச்சைப் புத்தகத்தில் மருந்தின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரையையும் விடாதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒன்று எடுத்தால் போதும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு மழைக்காலத்தில் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வரலாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள பாக்டீரியா அது. எக்ஸ்ரேயில் அச்சு அசல் காசநோய் மாதிரியே தெரியும். சாதாரண ஆன்டிபயாடிக்குக்குக் கொஞ்சம் அடங்கிவிட்டு மறுபடி கிளம்பும். சேற்றில் இறங்கி வேலை செய்பவர் என்பதால் சொல்கிறேன். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் அது வந்தால் செஃப்டசிடிமோ மெரோபெனமோ இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊசியாகவும், பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதமாவது மாத்திரையாகவும் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் கோர்ஸில் போகிற சமாச்சாரம் அல்ல.

நுரையீரலுக்கு வருவோம். மூன்று நிமோனியாவும் ஒரே இடத்திலா வந்தன? இந்த ஒரு கேள்விக்கு மூன்று பழைய எக்ஸ்ரேக்களையும் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஒரே இடம் என்றால் அங்கே பழைய காசநோய்த் தழும்போ, மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸோ, அடைப்போ இருக்கிறது. மாறி மாறி வேறு வேறு இடத்தில் என்றால்தான் எதிர்ப்புசக்தியைச் சந்தேகிக்க வேண்டும். நுரையீரல் சி.டி. ஸ்கேன் ஒன்று கட்டாயம். சளியில் காசநோய்க்கான ஜீன் பரிசோதனையும் கட்டாயம், அது அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் இல்லை என்று தெரியும் முன் யாராவது லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எழுதினால் ‘சளி பார்த்துவிட்டீர்களா?’ என்று கேளுங்கள். அந்த மருந்து காசநோயையும் அரைகுறையாக அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடும்.

இதெல்லாம் பார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால் மூன்றாவதற்குப் போகலாம். அதற்கான முதல் துப்பு, எனக்குத் தெரிந்து, உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் அவ்வப்போது கல்லீரல் பரிசோதனை எடுத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் எல்லோரும் எஸ்ஜிபிடி எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். கீழே ‘மொத்தப் புரதம்’, ‘அல்புமின்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். கிடைப்பது குளோபுலின். கிருமியை எதிர்க்கும் புரதங்களான நம் ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

எச்ஐவி உள்ளவருக்கு இந்தக் குளோபுலின் சாதாரணமாகக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆன்டிபாடி செய்யும் பி செல்களை வைரஸ் கண்டபடி தூண்டிவிடுவதால் தரம் குறைந்த ஆன்டிபாடிகள் ஏராளமாக உற்பத்தியாகின்றன. மூன்றரை, நான்கு என்று பார்ப்பது சகஜம். அப்படிப்பட்டவருக்கு மொத்தப் புரதம் 5.9, அல்புமின் 4.3 என்று வந்து, கழித்தால் 1.6 என்று நிற்கிறது என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் அது பெரிதாகக் கண்ணில் படாது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த 1.6 பெரிய செய்தி. ஏறி இருக்க வேண்டியது இறங்கி இருக்கிறது. 1.8-க்குக் கீழே போனால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று ஆன்டிபாடி வகைகளையும் அளந்தே தீர வேண்டும். அல்புமினும் சேர்ந்து இறங்கியிருந்தால் கதை வேறு: புரதம் சிறுநீரிலோ குடலிலோ ஒழுகுகிறது. முதலில் சிறுநீரில் புரதம் பாருங்கள்.

ஐஜிஜி பெரியவர்களுக்கு ஏறக்குறைய 700 முதல் 1600 வரை (மில்லிகிராம்/டெசிலிட்டர்) இருக்க வேண்டும். அது வெகுவாகக் குறைந்து, ஐஜிஏ அல்லது ஐஜிஎம்மும் குறைந்து, தடுப்பூசி போட்டாலும் உடம்பு ஆன்டிபாடி செய்யவில்லை என்றால் அதைத்தான் சிவிஐடி என்பார்கள். பிறவியிலேயே விதை இருந்தும் இருபது, முப்பது, நாற்பது வயதில் வெளிப்படும் குறைபாடு. எச்ஐவியும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து இருந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சிவிஐடி இருந்த சிலருக்கு எச்ஐவி தொற்றிய பிறகு ஆன்டிபாடி அளவு ஏறியதையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு முறை ‘நார்மல்’ என்று வந்ததாலேயே கதை முடிந்துவிடாது.

ஐஜிஜி குறைவு என்றவுடன் சிவிஐடி என்று முத்திரை குத்தவும் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபின் குறைக்கும். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து குறைக்கும். நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா குறைக்கும், அது எச்ஐவி உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் கட்டி ஒன்று வளர்ந்து ஆன்டிபாடியை அடியோடு வற்றச் செய்வதும் உண்டு. அதற்கு குட் சிண்ட்ரோம் என்று பெயர், கண்டு சொன்ன டாக்டர் ராபர்ட் குட்டின் பெயரால். உங்கள் அண்ணனுக்கு எடுக்கப்போகும் சி.டி. ஸ்கேனிலேயே அந்தக் கட்டி தெரிந்துவிடும், தனிப் பரிசோதனை வேண்டாம்.

அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்ததா? தாய்வழியில் மாமன்மார் யாராவது சிறுவயதில் காய்ச்சலில் இறந்தார்களா? அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா? நம் பக்கம் அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டுவது சகஜம் என்பதால் இதைக் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். பிறவிக் குறைபாடுகளில் பல, பெற்றோர் இருவரும் ஒரே பழுதடைந்த மரபணுவைக் கொடுத்தால் மட்டுமே வெளிப்படும். மாமன்மார் பற்றிய கேள்வி இன்னொரு வகைக்கு: தாயிடமிருந்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் 1952-ல் ஓயாமல் நோய்வாய்ப்பட்ட ஒரு சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் அறவே இல்லை என்று கண்டு, அதை வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்துத் தேற்றினார். இன்றைய சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

வந்த கிருமியின் பெயரும் நிறையச் சொல்லும். காது, சைனஸ், நுரையீரல் என்று நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் கிருமிகள் சுற்றினால் ஆன்டிபாடிக் குறைவு. மூளைக்காய்ச்சல் நைசீரியா கிருமியால் இரண்டாம் முறை வந்தால் காம்ப்ளிமென்ட் என்ற, கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதங்களின் குறைவு. ஆழமான சீழ்க்கட்டிகள், ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சை என்றால் வெள்ளணுக்களின் கொல்லும் திறனில் கோளாறு. காசநோய்க் குடும்பத்தின் மற்ற கிருமிகள் உடம்பெங்கும் பரவி, சால்மொனெல்லா ரத்தத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எதிர்ப்பு அணுக்களுக்குச் சேதி சொல்லும் புரதமான இன்டர்ஃபெரான் காமாவின் பாதையில் கோளாறு. இந்தக் கடைசியில் ஒரு விசித்திரம் உண்டு. தாய்லாந்து, தைவான் பக்கம் பெரியவர்கள் பலருக்கு உடம்பே தன் இன்டர்ஃபெரான் காமாவுக்கு எதிராக ஆன்டிபாடி செய்துகொள்கிறது என்று 2012-ல் விரிவாக எழுதினார்கள். எய்ட்ஸ் நோயாளி போலவே இருப்பார்கள், எச்ஐவி இருக்காது. கல்ச்சர் எடுக்காமல் ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் இந்தத் துப்பு எல்லாம் அழிந்துபோகும். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முதல் ஊசிக்கு முன்னால் ரத்தமும் சளியும் கல்ச்சருக்குப் போக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு பற்றியும் எழுதியிருந்தீர்கள். சிவிஐடியில் ஜியார்டியா குடலில் குடியேறும், எச்ஐவியில் கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா வரும். மலத்தைச் சாதாரணமாகப் பார்த்தால் பின்னவை தெரியாது, அமிலச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். மழை நேரத்தில் ஊற்று நீரைக் காய்ச்சாமல் குடிப்பதை நிறுத்தினாலே பாதி தீர்ந்துவிடலாம்.

எஸ்டேட்டில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நுண்புழுவையும் தேடுங்கள். ஈர மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே நுழைந்து, உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். யாராவது ஸ்டீராய்டு கொடுத்ததும் குடலைத் துளைத்துக்கொண்டு கிளம்பும், போகும்போது குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஈ.கோலை கிருமி ரத்தத்தில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து ‘எதிர்ப்புசக்தியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஐவர்மெக்டின் போதும். அல்பென்டசோல் மட்டும் கொடுத்தால் பல நேரம் போதாது.

சரி, ஆன்டிபாடிக் குறைவுதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலை உயர்ந்த மருந்து இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கான பேர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தது. கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஐஜிஜியின் அரை ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம், அதனால்தான் இந்த இடைவெளி. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 24 முதல் 36 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் ஏறக்குறைய ஐந்திலிருந்து ஏழு வரை. ஆயுள் முழுக்க. செலவு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால்தான் உறுதி செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஐஜிஜி நார்மலாக உள்ள, கூட்டு மருந்து ஒழுங்காக எடுக்கும் பெரியவருக்கு ‘எதிர்ப்புசக்தி கூடட்டும்’ என்று இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது வீண் செலவு. கூட்டு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் எச்ஐவி உள்ள குழந்தைகளுக்கு அதனால் பாக்டீரியா தொற்று குறைந்தது உண்மை. அந்தக் காலம் போய்விட்டது. ஐஜிஏ மட்டும் குறைந்திருந்தாலும் இது தேவையில்லை. சத்துமாவு டப்பாவில் ‘இம்யூனிட்டி’ என்று அச்சடித்து விற்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஏற்றும் முன் ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். வேறு ஆட்களின் ஆன்டிபாடி உள்ளே போன பிறகு ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி போன்றவை அவருக்கே வந்த நோய் மாதிரி பாசிட்டிவ் காட்டும். தடுப்பூசிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கும் சோதனையும் முன்னாலேயே முடிய வேண்டும்: நியூமோகாக்கல் தடுப்பூசிக்கு முன் ஒரு ரத்தம், நாலு வாரம் கழித்து ஒரு ரத்தம். எச்ஐவியே இந்தப் பதிலைக் கொஞ்சம் மங்கச் செய்யும் என்பதால் ரிப்போர்ட்டைத் தெரிந்தவர் படிக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் சிறுநீரகமும் முக்கியம். கூட்டு மருந்தில் பெரும்பாலும் இருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கொஞ்சம் சோதிக்கும் மருந்து. சில இம்யூனோகுளோபுலின் தயாரிப்புகளில் சுக்ரோஸ் சேர்த்திருப்பார்கள், அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சுக்ரோஸ் இல்லாத தயாரிப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்றும் அன்று நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மெதுவாக ஏற்ற வேண்டும், அடுத்த முறைக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அன்று இரவு தலைவலியும் நடுக்கமும் பலருக்கு வரும், வேகத்தைக் குறைத்தால் அடங்கும். கழுத்தைக் குனிய முடியாத தலைவலி, காலில் ஒரு பக்க வீக்கம், நெஞ்சுவலி வந்தால் காத்திருக்கக் கூடாது.

கூட்டு மருந்தை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. காசநோய் கண்டு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு வேளையாக வேண்டும். எந்தப் பிரிவு டாக்டர் புது மருந்து எழுதினாலும் அதை ஏஆர்டி மையத்தில் காட்டிவிட்டே ஆரம்பிக்கட்டும்.

மருந்து ஏற்றும் அளவுக்குக் குறைபாடு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அசித்ரோமைசின் 250 மில்லிகிராம் வாரத்துக்கு மூன்று நாள், பல மாதம் கொடுப்பார்கள். அதற்கு முன் சளியில் காசநோய்க் குடும்பக் கிருமி எதுவும் இல்லை என்று உறுதி செய்து, ஒரு ஈசிஜியும் எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழாய் விரிந்திருந்தால் காலையில் இருபது நிமிடம் குனிந்து படுத்துச் சளியை வெளியேற்றும் பயிற்சிதான் எல்லா மாத்திரையையும்விடப் பலன் தரும். யாரும் செய்வதில்லை, இலவசம் என்பதாலோ என்னவோ. நியூமோகாக்கல் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளூ தடுப்பூசி, பீடியை விடுதல், இவற்றுக்கு விவாதமே இல்லை.

எங்கே போவது என்று கேட்டீர்கள். கல்ச்சர், சி.டி., காசநோய்ப் பரிசோதனை, வைரல் லோடு எல்லாவற்றுக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே ஆரம்பியுங்கள், அவர் மாத்திரை வாங்கும் நாளிலேயே வைத்துக்கொண்டால் ஒரு கூலிநாள் மிச்சம். ஐஜிஜி தனியார் லேபுகளில் எடுக்கலாம். அது குறைவாக வந்தால் பிறகு இம்யூனாலஜி துறை உள்ள இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி. பக்கம், சேலத்தில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. போகும்போது பழைய எக்ஸ்ரே, கல்ச்சர் தாள், தடுப்பூசி விவரம் எல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

பணத்துக்கு: 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடுகளுக்கான இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் இடம் பெற்றிருக்கிறது. ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்பது 2022-ல் வந்த மாற்றம். அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகத்தான் கிடைக்கும், அதற்கும் நோய் ‘பிறவிக் குறைபாடு’ என்று தாளில் நிரூபணமாக வேண்டும்.

புது மருத்துவமனையில் எச்ஐவியை மறைக்க வேண்டாம். மறைத்தால் டாக்டர் தவறான பாதையில் போவார், மருந்துகளும் மோதும். 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், சம்மதமில்லாமல் வெளியில் சொல்வதும் அதன்படி கூடாது. யாராவது முகம் சுளித்தால் எச்ஐவி உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வரி. ஆன்டிபாடியே செய்யத் தெரியாத உடம்பில் எச்ஐவிக்கான சாதாரணப் பரிசோதனையும் ஏமாற்றும், ஏனென்றால் அது தேடுவதே ஆன்டிபாடியைத்தான். ஏற்கெனவே இந்தக் குறைபாடு உள்ளவருக்கு எச்ஐவி சந்தேகம் வந்தால் வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனை வேண்டும்.

எஸ்டேட் வேலையை விடச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காபிப் பழத்தோல் மக்கிய உரக்குழியைக் கிளறுவதும், பூஞ்சை பிடித்த மிளகு மூட்டையைத் தட்டுவதும் வேறு ஆள் செய்யட்டும், பூட்ஸ் போடட்டும், குளிர்ப் பனியில் பைக்கில் கொண்டை ஊசி வளைவுகளை இறங்காமல் பஸ்ஸில் வரட்டும். மற்ற வேலைகளை வழக்கம்போலப் பார்க்கலாம்.